இருந்தது இருந்தபடி

அன்பு மகனுக்கு,

உன் கலியாணத்துக்கு அப்பாவும் நானும் வரமாட்டோம். நாலு பக்கத்துக்கு ஊர்ப் புதினம் எழுதி, உன்னைச் சிரிக்கவைத்து, கடைசியில் மெல்ல இதைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ என் பிள்ளை. கடிதம் கைக்கு வந்தால் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் வாசிப்பாய். அந்தப் பதகளிப்பு, அந்த அவசரம், உனக்கு என்னிடமிருந்து வந்த சீதனம். ஆகவே முதலிலேயே சொல்கிறேன். போன தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இப்போது புரட்டாதி. எட்டு மாதமாக உனக்கு மறைத்துவிட்டேன்.

இந்த எட்டு மாதத்தில் உனக்கு ஐந்து கடிதம் எழுதினேன். அப்பா வெங்காயம் நட்டிருக்கிறார், அப்பா கசாயம் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார், அப்பா சைக்கிளில் சுன்னாகம் சந்தைக்குப் போய்விட்டார் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கதை. வைகாசியில் போட்ட கடிதத்தின் அடியில் ‘வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் கவனம், அப்பா’ என்று இருந்ததே, அதை எழுதியதும் நான்தான். இடக்கையால் எழுதினேன். உன் அப்பாவின் எழுத்து எப்போதும் கோழி கிண்டின மாதிரி இருக்கும், அதனால் உனக்குச் சந்தேகம் வரவில்லை. ‘அப்பா கைப்பட எழுதினது பெரிய சந்தோஷம், அந்தத் துண்டை வெட்டி வைத்திருக்கிறேன்’ என்று பதில் போட்டாய். அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்து முடித்ததும் கிணற்றடிக்கு எழுந்து போய்விட்டேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மறைக்கச் சொன்னது உன் பெரியமாமா. பழியை அவர் தலையில் போடவில்லை, என் அண்ணன் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன் என்பதுதான் சரி. “தங்கச்சி, பொடியனுக்குச் சொல்லாதை. அவன் அங்கையிருந்து என்ன செய்யப்போறான்? இரவு பகலாய் அழுவான். இல்லாட்டில் வெளிக்கிட்டு வருவான். வழியிலை அவனுக்கு ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு?” என்றார். எனக்கும் அதுதான் பயம். இங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைக்கு நல்ல செய்தி மட்டும்தான் போகும். நோயும் சாவும் அவர்களுக்குப் பிந்தித்தான் போகும், அதுவும் நாளை மாற்றி.

உன் கலியாணம் தை மாதத்தில் திருச்சியில் என்று முடிவானதும் மாமா இன்னொரு படி மேலே போனார். தகப்பன் போய்விட்டால் மகனுக்கு ஒரு வருஷம் நல்ல காரியம் இல்லை என்பது உனக்குத் தெரியும். “இடையிலை ஏதும் நடந்தாலும் மூச்சு விடாதை. தாலி கட்டி முடியட்டும், பிறகு சொல்லுவம். ஒரு வருஷம் தள்ளிப்போனால் பெண் வீட்டார் பொறுத்துக்கொண்டிருப்பினமே?” என்றார். அப்படியென்றால் இங்கே அப்பாவைச் சுடலைக்கு அனுப்பிவிட்டு, உனக்கு ‘அப்பா வெங்காயம் கிண்டுகிறார்’ என்று எழுதவேண்டும். நீ மணவறையில் சிரித்துக்கொண்டிருப்பாய். எட்டு மாதம் பொய் எழுதின கைக்கு அந்த ஒரு பொய் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமையாக வாசி.

என் கை சும்மா இராது என்பதை நீ அறிவாய். ஒருவர் குடித்து வைத்த கோப்பையை அவர் வாய் துடைக்க முதல் எடுத்துக் கழுவிவிடுவேன். நீ தரையில் பரப்பி வைத்துப் படித்த புத்தகங்களை, நீ தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அடுக்கிவிடுவேன். அதற்கு எத்தனை சண்டை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு அது வியாதியாகவே முற்றிவிட்டது. காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், உன் பரீட்சைப் பெறுபேறு, என் இரண்டு சோடிக் காப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக் கதவடியில் வைத்தேன். உன்னைச் சேட்டு, காற்சட்டையோடு படுக்கவைத்தேன், செருப்பை வாசல் பக்கம் பார்க்க வைக்கச் சொன்னேன். இந்த வீட்டில் ஆறு வருஷம் எல்லாமே புறப்படத் தயாராக இருந்தன. நீ கனடாவுக்குப் போய் நாலு வருஷமாகியும் உடுப்பைச் சூட்கேசிலிருந்துதான் எடுத்து உடுக்கிறாய் என்று போன கடிதத்தில் பகிடியாக எழுதியிருந்தாய். அலுமாரி இருக்கிறதாம், அடுக்க மனம் வரவில்லையாம். அதை வாசித்துவிட்டு நான் சிரிக்கவில்லை. அது என் வேலை, மகனே. ஒரு இடத்தில் இருக்க உனக்கு நான் பழக்கவில்லை.

அப்பா நேர் எதிர். சண்டை தொடங்கி நாங்கள் கோயிலில் போய் இருந்தோமே, அந்த நாள் ஞாபகமா? ஷெல் கிட்ட விழத் தொடங்கிவிட்டது. நீ சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வாசல் படலையில் நிற்கிறாய். இவர் கிணற்றடியில் இருந்து தண்ணீர் குடிக்கிற பித்தளை மூக்குப்பேணியைப் புளி போட்டுத் தேய்க்கிறார்.

“இஞ்சாருங்கோ, வீட்டை விட்டிட்டு ஓடுறம். உதை ஏன் கழுவிறியள்?”

“எச்சிலாய்க் கிடக்கு. திரும்பி வரேக்கை துப்புரவாய் இருக்கட்டும்.”

“திரும்பி வருவமோ ஆருக்குத் தெரியும்?”

“அப்ப வேறை ஆரும் வந்து தண்ணி குடிக்கட்டும். பதறாதையும்.”

கழுவி, யன்னல் கட்டுக்கு மேலே கவிழ்த்து வைத்து, அது சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் வந்தார். கோயில் வரைக்கும் நான் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். கல்லுப் பிள்ளையாரைக் கட்டிக்கொண்டு வந்தேன் என்று உன் காதுபடச் சொன்னேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அவரிடம் இன்னும் கேட்கவில்லை.

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, யன்னலோரம் கட்டிலைப் போட்டோம். அவர் பார்வை அந்தப் பித்தளைப் பேணியிலேயே நிற்கும். தண்ணீர் கேட்கிறார் என்று பேணியின் மூக்கை அவர் வாயில் வைத்துச் சரிப்பேன். வாயை இறுக்கிக்கொள்வார். சூடாக வேண்டுமோ என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். தலையைத் திருப்புவார். பேணி வேண்டாம் போலிருக்கிறது என்று எடுத்து அடுப்படியில் வைத்தால் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். திரும்பக் கொண்டுவந்து அவர் கையில் திணிப்பேன். அது நழுவி விழும். இப்படி எத்தனை நாள். மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியைப் பார்த்தால் அதைத் தூக்கிவந்து கட்டிலருகில் வைப்பேன். சாய்மனைக் கதிரையைப் பார்த்தால் அதை இழுத்துவருவேன். ஒரு நாள் அறையிலிருந்த சாமான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி “இதுவோ? இதுவோ?” என்று கேட்டேன். அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது. பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா பார்த்துவிட்டு, “மூளையிலை பிசகு போலை, பிள்ளை. விடு” என்று சொல்லிப் போனாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

இனிச் சொல்லப்போவதை மாமாவுக்கும் சொல்லவில்லை. செல்லம் அக்கா வீட்டாரும் நாங்களும் பதுங்க வெட்டின பங்கருக்குள் அப்பாவை இறக்க முடியாது. ஒருதரம் கதிரையில் வைத்துத் தூக்கிப் பார்த்தோம், படியிலேயே சரிந்துவிட்டார். ஆகவே கட்டிலைச் சுற்றி மண்மூட்டை அடுக்கினோம். குண்டு போடுகிற பொம்மர் வந்தால் நானும் அந்த மூட்டைகளுக்குள் அவரோடு படுத்துக்கொள்வது என்று தீர்மானம். அப்படி எத்தனையோ தரம் படுத்தும் இருக்கிறேன். ஆனி மாதம் ஒரு பகல், அவர் கட்டிலடியில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். பொம்மர் வந்த சத்தமே தெரியவில்லை, அது தாழ இறங்கிக் குத்தின சத்தம்தான் கேட்டது. செல்லம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து “ஓடி வா!” என்று கத்தினாள். நான் ஓடினேன். பங்கருக்குள் போய்க் குந்தின பிறகுதான் பார்க்கிறேன், என் கையில் முருங்கையிலைக் கட்டு இருக்கிறது. இலையைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். மனுஷனை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வெளியே வர எழுந்தேன். செல்லம் அக்கா சீலையைப் பிடித்து இழுத்தாள். அவள் இழுத்ததுதான் காரணம் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவள் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. நான் குந்தியிருந்தேன். குண்டு இரண்டு ஒழுங்கை தள்ளி விழுந்தது. பொம்மர் போனதும் உள்ளே ஓடினேன். முகட்டிலிருந்து தூசி கொட்டிக் கட்டில் வெள்ளையாகக் கிடந்தது. அவர் தலைமயிரிலும் தூசி. என்னைத் திட்டுவது போலவோ தேடினது போலவோ ஒரு பார்வையையும் நான் காணவில்லை. அவர் யன்னல் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேணி இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குள் இருந்த தண்ணீர் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

வழக்கமாக என்றால் உடனே அதை எடுத்துத் தூசித் தண்ணீரைக் கொட்டியிருப்பேன். அன்றைக்குக் கைகால் ஓடவில்லை. வெட்கம் வேறு. அவர் இடக்கையைத் தூக்கி, உள்ளங்கையால் கட்டிலை இரண்டு தரம் மெல்லத் தட்டினார். நான் இருந்தேன். அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன். தண்ணீர் ஆடி, ஆட்டம் குறைந்து, விளிம்பில் மட்டும் ஒரு கோடு சுற்றி, பிறகு நின்றது. அவர் ஒரு நீண்ட மூச்சு விட்டார். அந்த மனுஷன் என்னிடம் எதையும் கேட்டிருக்கவில்லை, மகனே. எடுத்துத் தா என்றோ, கொண்டு போ என்றோ கேட்கவில்லை. அது அங்கே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். நான்தான் அஞ்சு மாதமாக அவர் கண் எங்கே போய் ஆறுகிறதோ அந்தப் பொருளை அங்கேயிருந்து பறித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

(ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கடற்கரைப் பக்கம் போய்விட்டது. எங்கே விட்டேன்?)

அதற்குப் பிறகு காலையில் சமையலுக்கு முன்னம் கொஞ்ச நேரம் அவர் கட்டிலில் இருக்கப் பழகினேன். தொடக்கத்தில் என் கைகளை முழங்காலுக்கடியில் வைத்துக்கொள்ளவேண்டியிருந்தது. இப்போது மடியில் வைத்துக்கொள்ள முடிகிறது. பேணியின் நிழல் காலையில் சுவரில் தொங்கும் கலண்டர் வரை நீளும். வெயில் ஏற ஏறச் சுருங்கி, பத்து மணிக்குப் பேணிக்கு அடியில் வந்து ஒடுங்கும். அது ஒவ்வொரு நாளும் நடந்திருக்கிறது, இருபத்தொன்பது வருஷம் இந்த வீட்டில் இருந்தும் நான் கண்டதில்லை. மண்வெட்டிப் பிடியில் இரண்டு இடம் மட்டும் பளபளக்கிறது. அப்பா பிடித்த இடம். அந்தக் கை இப்போது மடங்கிக் கிடக்கிறது, பிடியில் அதன் இடம் அப்படியே இருக்கிறது. மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணீர் இறைக்கும் மெசின் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. கரண்ட் நின்று மூன்று வருஷமான பிறிஜ்ஜுக்குள் அரிசி வைத்திருக்கிறேன், எலி போகாது. இவற்றையெல்லாம் பார்க்கும்போது முன்பு எனக்கு வயிறு எரியும். இப்போது அப்படி இல்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கிறது, அதனால் இந்த நிமிஷத்தில் இந்த அறைக்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிகிறது. நடக்கப்போவதையே நினைத்து நினைத்துச் செத்தவளுக்கு அது பெரிய விஷயம்.

எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. இந்த அமைதி ஒரு பானை சோறு கொதிக்கிற நேரத்துக்குத்தான் நிற்கும். அதற்குப் பிறகு பழையபடி அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். அவர் உறங்கினால் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். எழுப்பிவிட்டேன் என்று முறைப்பார். பொம்மர் வந்தால் இனி ஓடமாட்டேன் என்று சத்தியம் செய்யவும் எனக்குத் துணிவில்லை. அதற்குப் பிறகு மூன்று தரம் வந்தது, மூன்று தரமும் அவரோடு படுத்திருந்தேன். நாலாம் தரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது.

போன கிழமை உனக்குக் கடிதம் எழுதக் குந்தினேன். ‘அப்பா சுகம்’ என்று எழுதவேண்டிய இடம் வந்தது. அவர் முன்னால் கிடக்கிறார். பேணி யன்னலில் இருக்கிறது. பேனை ஓடவில்லை. ஒரு பேணியைக்கூட இடம் மாற்றினால் அந்த மனுஷன் தவிக்கிறார், நான் அவரையே தூக்கிக்கொண்டுபோய் வெங்காயத் தோட்டத்தில் வைத்து உனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். எட்டு மாதமாக உனக்குத் தகப்பன் இல்லை, நான் செய்த பொம்மைதான் இருந்தது. உண்மையான தகப்பன் இங்கே ஒரு பக்கம் விழுந்துபோய், இடக்கையால் ஈ விரட்டிக்கொண்டு கிடக்கிறார். அவருக்காக நீ ஒருதரமும் அழவில்லை. அழ நான் விடவில்லை.

மாமா வந்தபோது சொன்னேன். “அண்ணை, பொடியனுக்கு எல்லாத்தையும் எழுதப்போறன்.”

“உனக்கென்ன விசரே? கலியாணம் குழம்பினால்?”

“குழம்பினால் குழம்பட்டும். பொய்யிலை நடக்கிற கலியாணம் எனக்கு வேண்டாம்.”

“அவன் வெளிக்கிட்டு வந்தால்?”

அழுதுவிட்டேன். மாமா கட்டிலருகே போய், “அத்தான், என்ன சொல்லுறியள்? எழுதட்டோ?” என்று கேட்டார். அப்பா மாமாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒருதரம் கண்ணை மூடித் திறந்தார். அது ஓம் என்று நான் சொல்கிறேன், கண் கூசினது என்று மாமா சொல்கிறார். எப்படியோ, “எழுதித் தா. அடுத்த கிழமை கிளாலியாலை வள்ளத்திலை போறன், கொழும்பிலை போடுறன். பிறகு என்னட்டை அழுதுகொண்டு வராதை” என்றார். திட்டிக்கொண்டே நல்லது செய்கிற மனுஷன் அவர்.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உனக்குக் கலியாணம் பேசின பிள்ளைக்கு வாசித்துக் காட்டு. ஒரு வரியும் விடாமல் காட்டு, நான் ஓடினதையும் சேர்த்து. அவள் வீட்டார் பின்வாங்கினால் அது அவர்கள் விருப்பம், அவர்களில் கோபிக்காதே. ஒத்துக்கொண்டால் குறித்த நாளில் நடத்து. திருச்சியில் இருக்கிற சின்னம்மாவும் சித்தப்பாவும் எங்கள் இடத்தில் நிற்கட்டும். கலியாணம் முடிந்து கனடாவுக்குத் திரும்பினதும் அந்தச் சூட்கேசைக் கொட்டி, உடுப்பை அலுமாரியில் அடுக்கு. அவள் ஒரு பொருளை ஓரிடத்தில் வைத்தால் அது அங்கே ஏன் இருக்கிறது என்று கேளாதே, கொஞ்ச நாள் இருக்கவிடு. உனக்கு வேலை போனாலும், வருத்தம் வந்தாலும், என்னைப்போல அவளுக்கு ஒரு கதை கட்டிச் சொல்லாதே. அவளை அழவிடு. அது அவளுக்குரியது.

இங்கே மட்டும் வராதே. வழியில் எத்தனை இடத்தில் இறக்குவார்கள், உன் வயதுப் பொடியனை யார் யார் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நீ வெளிக்கிட்டாய் என்று கேட்டால் அன்றைக்கே எனக்கு உயிர் போய்விடும். அதே நேரம் ‘வா’ என்று எழுதத்தான் கை துடிக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் சொல்வது வராதே என்பதுதான். என் ஆசையைக் கேளாமல் என் சொல்லைக் கேள்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு மாதமாகலாம், இரண்டு மாதமாகலாம். நீ வாசிக்கும் நேரத்தில் அப்பா எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. எழுதுகிற இந்த நேரத்தில் இருக்கிறார், விழித்திருக்கிறார். அவருக்கு ஏதும் நடந்தால் அன்றைக்கே எழுதி, முதலில் புறப்படுகிற ஆளிடம் கொடுத்துவிடுவேன். அது உன் முகூர்த்தத்துக்கு முதல் நாள் கிடைக்கும் என்றாலும் கொடுப்பேன். அதற்குப் பிறகு தாலி கட்டுவதா நிறுத்துவதா என்பதை நீயும் அவளும் தீர்மானியுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். செய்தி வராவிட்டால் அம்மா ஒளிக்கிறாள் என்று நினைத்து மணவறையில் மனம் குழம்பாதே, அப்பா இருக்கிறார் என்று நம்பிக் கட்டு. பாதை பூட்டிக் கிடந்து செய்தி பிந்தினால் அது பாதையின் குற்றம். எவ்வளவு பிந்தி வந்தாலும் அந்தக் கடிதத்தில் அப்பா போன உண்மையான நாளைத்தான் எழுதியிருப்பேன்.

அம்மா